தேரிக்காட்டுக் கருவா இலை

“அண்ணாச்சி, இது பிரிஞ்சி இலைதானா? நல்லாத் தெரியுமா?”

திருநெல்வேலி டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் நான் இப்படிக் கேட்டதும், கடைக்கார அண்ணாச்சி பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

“பின்ன என்ன, வேப்பிலையா? பிரியாணிக்குத்தான கேக்கிய?”

“பிரியாணிக்கு இல்ல. ஆசிட்ல போடணும்.”

அவர் பொட்டலத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். காலேஜில் இலை ஆராய்ச்சி செய்கிறேன் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் கொடுத்தார். அவருக்கு என் ஆராய்ச்சி மேல் நம்பிக்கை வரவில்லை. எனக்கு அவருடைய இலை மேல் வரவில்லை. சரிக்குச் சரி என்று வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் தாவரவியல் ஆய்வு மாணவி, முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த மாணவி. பிறவியிலேயே எனக்கு எதையும் சட்டென்று நம்ப வராது. “சேரன்மாதேவி போகும், ஏறுங்க” என்று கண்டக்டர் சொன்னால், டிரைவரிடமும் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். “இவ ஆஸ்பத்திரில பெறந்திருக்கக் கூடாது, போலீஸ் ஸ்டேஷன்ல பெறந்திருக்கணும்” என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒருவரிடம், அவர் படித்ததாகச் சொன்ன பாடத்திலேயே இரண்டு கேள்வி கேட்டுவிட்டேன். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. வீட்டில் எனக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள நேரம் போதவில்லை. அந்த மனிதருக்கு இரண்டு கேள்விக்குமே பதில் தெரியவில்லை என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஆராய்ச்சியும் சந்தேகம் பிடித்த ஆராய்ச்சிதான். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. சிவப்பு மணலும் பனையும் உடைமரமுமாக, கால் வைத்தால் சுடுகிற பூமி. அங்கே ஒருவர் தோட்டத்தில் கிணறு வெட்டும்போது, மணலுக்கெல்லாம் கீழே கறுப்புக் களிமண் வந்தது. பாளம் பாளமாகப் பெயர்த்துப் பிளந்தால் உள்ளே இலைகள். கேள்விப்பட்டதும் நானும் என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரும் ஓடிப்போய்ச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தோம். அடுத்த மழைக்குக் கிணறு நிறைந்துவிட்டது. தோட்டக்காரர் சிமென்ட் உறை இறக்கி மோட்டாரும் வைத்துவிட்டார். மறுபடி போய் எடுக்க வழியில்லை.

எடுத்து வந்ததில் அநேகம் வெறும் அச்சு. இலை மக்கிப்போய், அதன் தடம் மட்டும் களிமண்ணில் இருக்கும். ஒரே ஒரு பாளத்தில்தான் இலையின் உடம்பே கறுப்புச் சவ்வாக ஒட்டியிருந்தது. நடுவே ஒரு நரம்பு. அடியிலிருந்து கொஞ்சம் மேலே கிளம்பி, ஓரத்தை ஒட்டினாற்போல் மேலே போகும் இரண்டு பக்க நரம்புகள். நுனி மட்டும் களிமண்ணுக்குள் மறைந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் கருவாப்பட்டை, அதாவது லவங்கப்பட்டை மரத்து இலை என்று தோன்றும்.

அதில்தான் விஷயமே இருக்கிறது. கருவா, பிரிஞ்சி இன்னும் அவற்றின் உறவு மரங்களை எல்லாம் நாங்கள் லாரேசியே குடும்பம் என்போம். எங்கள் பக்கத்தில் இன்றைக்கு அவை இருப்பது பாபநாசத்துக்கு மேலே, அட்டை கடிக்கிற மழைக்காட்டில். அந்த மரம் ஒரு காலத்தில் தேரியில் நின்றது என்றால், அந்தச் சிவப்பு மணல் கிடக்கிற இடத்தில் ஒரு காலத்தில் மழை கொட்டியிருக்க வேண்டும். எத்தனை லட்சம் வருடத்துக்கு முன்னால் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

புல்லரித்தால் போதுமா? மூன்று நரம்பு இருந்தால் எல்லாம் கருவாவாகிவிடுமா? இலந்தைக்கும் மூன்று நரம்பு ஓடுகிறது. எட்டி இலையைக் கருவா இலைக்குப் பக்கத்தில் வைத்தால் படித்தவர்களே ஏமாந்துபோவார்கள். இலையின் வடிவம் ஆளைப் பார்த்து மயக்கும், அதை நம்பி ஒரு காரியமும் செய்யக் கூடாது. நம்ப வேண்டியது இலையின் மேல் இருக்கிற மெழுகுத் தோலை. கியூட்டிக்கிள் என்று பெயர். இலை மக்கினாலும் இது லேசில் மக்காது. இலையில் இருந்த ஒவ்வொரு செல்லின் ஓரமும் அதில் பதிந்திருக்கும். நைட்ரிக் ஆசிடில் ஒரு சிட்டிகை பொட்டாசியம் குளோரேட்டைப் போட்டுச் சவ்வை ஊறவைத்து, கழுவி, அம்மோனியா விட்டால், உள்ளே இருந்த மக்கல் எல்லாம் தேத்தண்ணி நிறத்தில் கரைந்து இறங்கும். மேல்தோலும் கீழ்த்தோலும் தனித்தனியே பிரிந்து மிதக்கும். அதற்குச் சஃப்ரானின் என்ற சிவப்புச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் இலை தன் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடும். லாரேசியே என்றால், மூச்சு விடும் துளைகள் கீழ்த்தோலில் மட்டும் இருக்கும். ஒவ்வொரு துளையையும் இரண்டு பக்கமும் இரண்டு செல்கள் அணைத்துக்கொண்டிருக்கும். துளையின் காவல் செல்கள் உள்ளே அமுங்கிப்போய், மேலே ஒரு கீற்று மட்டும்தான் தெரியும்.

முதல் முயற்சிகளில் ஆசிட் அதிகமாகிச் சவ்வு கரைந்தே போய்விட்டது. அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை. பிறகு கை பழகி நல்ல ஸ்லைடுகள் கிடைத்தன. துளைகள் நான் கேட்டுக்கொண்ட மாதிரியே இருந்தன. கேட்டுக்கொண்ட மாதிரியே இருந்ததால் எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் இன்றைய கருவா இலையின் துணுக்கு தட்டு மாறி விழுந்துவிட்டதோ? தட்டுகளைக் கழுவிக் காயவைத்து மறுபடியும் செய்தேன். பாபநாச மலைக் கருவா, சாலையோர எட்டி, கடை அண்ணாச்சியின் பிரிஞ்சி என்று எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணாச்சியின் இலை பிரிஞ்சிதான். பாவம், நல்ல மனுஷர். புதைந்த இலையும் லாரேசியேதான் என்று கடைசியில் எனக்கே நம்பிக்கை வந்தது. ஆனால் அதற்குள் பாளத்தின் மேலே இருந்த சவ்வில் காம்புக்குப் பக்கத்தில் நகமளவுதான் மிஞ்சியது. நுனியை மட்டும் நான் தொடவில்லை. நல்ல கேமரா கிடைக்கும்போது பைய மண்ணை நீக்கி, முழுசாகப் படமெடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

எங்கள் லேபில் என்னோடு இன்னொரு ஆய்வு மாணவன் இருந்தான். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவான். ஆற்றுப் பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி. என்னைவிட இளையவன், ‘யக்கா’ என்று கூப்பிடுவான். நெற்றியில் விபூதி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அந்த வருடம் துறையில் ஒருவர் ஓய்வு பெற, ஒரு விரிவுரையாளர் இடம் காலியானது. எங்கள் பேராசிரியர் சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து உடைத்துச் சொல்லிவிட்டார்.

“இன்டர்வியூக்குள்ள ஒனக்கு வைவா முடிஞ்சி டாக்டர் பட்டம் வந்துட்டா எடம் ஒனக்கும்மா. இல்லைன்னா அவனுக்கு. என்ட்ட வந்து ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கப்படாது.”

அன்றையிலிருந்து நான் அவன்மேல் ஒரு கண் வைத்தேன். அவன் முன்னைவிடச் சீக்கிரம் லேபுக்கு வருகிறான் என்று தோன்றியது. என்னிடம் முன்னைவிட மரியாதையாகப் பேசுகிறான் என்று பட்டது. அது இன்னும் மோசம்.

சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து லேபைத் திறந்த அன்று இலைப் பாளம் வைத்திருந்த என் தகர டப்பாவை எடுத்துப் பார்த்தேன். களிமண் பாளம் ஆடாமல் இருக்கப் பஞ்சை நான் எப்போதும் காம்புப் பக்கம் சுருட்டி வைப்பேன். அன்று அது நுனிப் பக்கம் இருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள்! மாற்றிவிட்டார்களோ என்று லென்ஸை வைத்துப் பார்த்தேன். இலையின் இடது ஓரத்தில் ஏதோ ஒரு பூச்சி அந்தக் காலத்திலேயே கடித்துவைத்த அரைவட்டம் உண்டு. அது அப்படியே இருந்தது. என் இலைதான்.

“ஏலே தம்பி, என் டப்பாவ எடுத்தியா?”

“ஒங்க கல்ல நான் எதுக்குக்கா எடுக்கேன்?” என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே பளிச்சென்று இருந்த டெஸ்ட் டியூபை மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். நான் சாயங்காலமே ஒரு பூட்டு வாங்கிவந்து பீரோவில் மாட்டினேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் அவன் திருச்செந்தூர் போய்விட்டு வந்து எனக்கு இலை விபூதி கொடுத்தான். “நல்லபடியா முடியும்க்கா, பூசிக்கிடுங்க” என்றான். திருச்செந்தூரில் பன்னீர் மரத்து இலையில் மடித்துத்தான் விபூதி கொடுப்பார்கள். நான் விபூதியைக் காகிதத்தில் மாற்றிவைத்துவிட்டு, இலையில் ஒரு துண்டைக் கிள்ளி ஆசிடில் போட்டேன்.

“ஐயோ, சாமி இலைக்கா அது!” என்று பதறினான்.

“சாமி இலைதானான்னுதான் பாக்கேன்” என்றேன். பன்னீர் இலைதான். அதன் பிறகுதான் விபூதியைப் பூசிக்கொண்டேன்.

வைவா அன்று மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் வயதானவர், ஒல்லி. அவருக்குக் காபி கொடுத்தபோது டம்ளரின் விளிம்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். இவர் நம்ம ஆள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

எட்டி இல்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்றார். துளைகளைக் காட்டினேன். இந்த இலை மலையில் உதிர்ந்து, தாமிரபரணியில் மிதந்து தேரிக்கு வந்திருந்தால் என்ன செய்வாய் என்றார். அவ்வளவு தூரம் உருண்டு வந்த இலை ஓரம் கிழியாமல், காம்பு ஒடியாமல், தட்டையாகப் படிந்து கிடக்காது என்றேன். தலையை ஆட்டினார். சார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் சீவலப்பேரிக்காரனும் மாணவர்களும் இருந்தார்கள்.

“கல்லைக் கொண்டாம்மா” என்றார் பரீட்சகர்.

கொண்டுபோனேன். பையிலிருந்து தன் சொந்த லென்ஸை எடுத்தார். பிறகு தன் சொந்த அம்மோனியா புட்டியையும் எடுத்தார். எங்கள் புட்டியை அவர் நம்பவில்லை. காம்புக்குப் பக்கத்தில் மிஞ்சியிருந்த நகமளவு சவ்வின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார்.

சிவப்பாகக் கிளம்பியது. பழுப்பு இல்லை, அசல் சிவப்பு. களிமண்ணில் கசிந்து பரவியது.

“இதென்னம்மா?” என்றார் பரீட்சகர். “புதைஞ்ச இலைன்னா தேத்தண்ணி மாதிரி வரணும். இது சாயம். உங்க லேப்ல சஃப்ரானின் இருக்கில்ல?”

என் கண் சஃப்ரானின் புட்டி இருந்த அலமாரிக்குப் போனது.

“இப்ப உள்ள இலை ஒண்ணுக்குச் சாயம் ஏத்திக் களிமண்ல அழுத்திக் காயவச்சா, இப்படி ஒரு கல் யார் வேணும்னாலும் செய்யலாம்” என்றார் அவர். குரலைக்கூட உயர்த்தவில்லை.

“சார், என் ஸ்டூடன்ட் அப்பிடிச் செய்யக்கூடியவ இல்ல” என்று எழுந்தார் எங்கள் சார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இருந்தது. வாழ்நாள் பூராவும் பிறரை நான் அப்படித்தானே பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அத்தனை வருட வேலை, கிடைக்கவிருந்த வேலை, எல்லாம் அந்தச் சிவப்பில் போய்க்கொண்டிருந்தது. பித்தலாட்டக்காரி என்று பெயர் வாங்கிவிட்டால் பிறகு எந்தக் கல்லூரியில் என்னை உள்ளே விடுவார்கள்?

நான் திரும்பிச் சீவலப்பேரிக்காரனைப் பார்த்தேன். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. பாவி, நீதானா! வாயைத் திறந்து சொல்லிவிட இருந்தேன். அதற்குள் அவனே எழுந்துவிட்டான்.

“சார், அது சாயம் இல்ல. மஞ்ச.”

“என்னது?”

“ஆயுத பூசைக்கு நாந்தான் மஞ்சப் பொட்டு வச்சேன். எல்லாத்துக்கும் வச்சேன், யக்கா கல்லுக்கும் வச்சேன். பெறகு தெரியாம இருக்கட்டும்னு தொடச்சிட்டேன்.”

தெரியாமல் ஏன் இருக்க வேண்டும் என்று பரீட்சகருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. சில வருடங்களுக்கு முன்னால் இதே லேபில் பூஜைக்குச் சூடம் கொளுத்தி, பக்கத்தில் இருந்த ஸ்பிரிட்டில் பிடித்து, ஜன்னல் திரை எரிந்திருக்கிறது. அதிலிருந்து லேபுக்குள் பூஜையே கூடாது என்பது சாருடைய கட்டளை. சார் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். எந்தச் சாமிக்கும் விரோதி இல்லை. ஆனால் தீ என்றால் அவருக்குக் குலை நடுங்கும். சொல்லை மீறியவனுக்கு அவர் வேலை வாங்கித் தரமாட்டார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“சூடம் காட்டலை சார், பொட்டு மட்டும்தான்” என்றான் அவன் சாரைப் பார்த்து.

பரீட்சகர் அசையவில்லை. “மஞ்சள்னு நீங்க சொல்றீங்க. நான் எப்படி நம்புறது?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஆலத்தித் தட்டு தெரியாத வீடு உண்டா? மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டால் சிவக்கிறதே, அதே சங்கதிதான் இது.

“கொஞ்சம் பொறுங்க சார்” என்றேன். “அம்மோனியா காத்துல போனதும் இந்தச் செவப்பு மறுபடி மஞ்சளாயிரும். சஃப்ரானின்னா போகாது, நின்னுரும்.”

எல்லோரும் பாளத்தைச் சுற்றி நின்றோம். சிவப்பு பையப் பைய வெளுத்து மஞ்சளடித்தது. ஆனால் அதே நேரத்தில் ஈரம் பட்ட களிமண் உப்பிக் காய்ந்து, நகமளவு சவ்வும் பொருபொருவென்று உதிர்ந்துவிட்டது. அதை நான் மட்டும்தான் கவனித்தேன். யாரிடம் சொல்ல?

பரீட்சகர் புட்டியோடு எழுந்தார். மைக்ரோஸ்கோப்பின் காலில் ஒரு சொட்டு விட்டார். சிவப்பு. தராசுப் பெட்டியில் ஒரு சொட்டு. சிவப்பு. அலமாரிக் கதவில் சிவப்பு. கடைசியில் சாருடைய நாற்காலியின் கைப்பிடியில் விட்டார். அதுவும் சிவப்பு.

“ஏலே, என் சேருக்குமா வச்ச?” என்றார் சார்.

“ஒங்க சேருக்குத்தான் சார் மொதல்ல வச்சேன்.”

மாணவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். சாருக்கே உதடு துடித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“மஞ்சளுக்குச் சாட்சி கிடைச்சாச்சு” என்றார் பரீட்சகர். “இலைக்கு?”

அவர் என் ஸ்லைடுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க வச்சிருக்கிற ஸ்லைடெல்லாம் நீங்க தனியா இருந்து செஞ்சது. என் கண்ணு முன்னால, யார் கையும் படாத இடத்துலேர்ந்து ஒரு துண்டு எடுத்துச் செஞ்சு காட்டுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

யார் கையும் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. களிமண்ணுக்குள் மறைந்திருந்த நுனி. அதை எடுத்து ஆசிடில் போட்டால் அந்த இலையில் பிறகு ஒன்றுமே மிஞ்சாது. சார் என்னைத் தனியே கூப்பிட்டு, “வேண்டாம்னா வேண்டாம்மா, வேற தேதி கேப்போம்” என்றார். வேறு தேதி என்றால் இன்டர்வியூ போய்விடும். அதுகூட ஒரு பக்கம். வேறு தேதி கேட்டுவிட்டு இந்த மனுஷரை இப்படியே ரயில் ஏற்றிவிட்டால், ஆயுசுக்கும் அவர் மனதில் நான் களிமண்ணில் இலை செய்தவளாகத்தான் இருப்பேன். அதை என்னால் தாங்க முடியாது. ஊசியை எடுத்தேன்.

மண்ணைத் துகள் துகளாக நீக்கினேன். பரீட்சகர் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நுனி வெளியே வந்தது. நான் நினைத்ததைவிட நீளமாக, ஒல்லியாக, வால் மாதிரி வளைந்திருந்தது. ஓயாமல் மழை பெய்கிற காட்டில் மரங்களின் இலைக்கு இப்படித்தான் நுனி நீண்டிருக்கும், தண்ணீர் வழிந்து இறங்குவதற்கு. தேரிக்காட்டின் மழை அந்த வாலில் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுக்கத் துறையின் கேமராவைத் தேடினார்கள். கேமரா இருந்தது, பிலிம் இல்லை. அந்தக் கேமராவில் என்றைக்குப் பிலிம் இருந்தது? அவசரமாகக் காகிதத்தில் வரைந்துகொண்டேன். வரைந்த படத்தை யார் நம்புவார்கள், நானாக இருந்தாலே நம்பமாட்டேன். பிறகு சவ்வைத் தூக்கினேன். வால் இரண்டாக ஒடிந்து தட்டில் விழுந்தது.

ஆசிடில் போட்டதும் பரீட்சகர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். தட்டை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. நான் எதையாவது மாற்றிவிடுவேனோ என்று அவருக்கு. அவர் தும்மித் தொலைத்துத் தட்டைக் கவிழ்ப்பாரோ என்று எனக்கு. மதியச் சாப்பாடு அங்கேயே வந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் கை கழுவப் போனோம். மழை விட்டு, மறுபடி பிடித்தது. சவ்வு கறுப்பிலிருந்து தேன் நிறத்துக்கு வந்ததும் கழுவி, அவருடைய புட்டியிலிருந்தே அம்மோனியா விட்டேன்.

தேத்தண்ணி நிறம் இறங்கியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தோல் பிரிந்து மிதந்தது. ஸ்லைடில் ஏற்றி அவரிடமே கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“அமுங்கின துளை. ரெண்டு பக்கமும் செல். லாரேசியேதான்” என்றார். பிறகு, “எனக்கு இனிமே சந்தேகமில்லை” என்றார்.

கையெழுத்துப் போட்டுக் கிளம்பும்போது, “ரொம்பப் படுத்திட்டேன்னு கோவமாம்மா?” என்று கேட்டார்.

“இல்ல சார். நானா இருந்தா இன்னும் ரெண்டு கேள்வி சேத்துக் கேட்டிருப்பேன்” என்றேன். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வேலை எனக்குக் கிடைத்தது. சார் சீவலப்பேரிக்காரனை ரொம்ப நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள், “கல்லுக்கு வைக்காதிய, டப்பாவுக்கு வைங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவன் பிறகு தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். போகிற அன்று அவனிடம் கேட்டேவிட்டேன்.

“ஏலே, அன்னைக்கு நீ பேசாம இருந்திருந்தா இந்த வேல ஒனக்குல்லா? ஏன் எந்திரிச்ச?”

“பொட்டு வச்சது நாந்தானக்கா” என்றான். அவ்வளவுதான். வேறு காரணம் இருக்குமோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

பாடம் நடத்தப் போன பிறகு வருடா வருடம் அந்த ஸ்லைடை மாணவர்களுக்குக் காட்டுவேன். எல்லோரும் பார்த்துவிட்டு, படம் வரைந்துகொண்டு போய்விடுவார்கள். ஒரு வருடம் பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண், மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“மேடம், இது நெசமாவே அந்த இலைதானா? இப்ப உள்ள கருவா இலையில எடுத்துட்டு, பழசுன்னு நீங்க சொன்னா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் ஆசையாக இருந்தது, எனக்குப் பிறகு ஒருத்தி வந்துவிட்டாளே என்று. பீரோவைத் திறந்து தகர டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். களிமண்ணில் ஒரு அச்சு. மூன்று நரம்பு. பூச்சி கடித்த ஓரம். நுனி இருந்த இடத்தில் ஊசியால் கீறின பள்ளம். அவள் லென்ஸை வைத்துத் துருவித் துருவிப் பார்த்தாள்.

“இதுல இலை இல்லையே மேடம். வெறும் வடிவந்தான இருக்கு? வடிவத்த நம்பாதிங்கன்னு நீங்கதான சொன்னிய?”

“ஆமா.”

“அப்ப எப்பிடி நம்ப?”

நான் டப்பாவை மூடினேன். அவளுக்குக் கொடுக்க இருந்த ஒரே பதிலை ஆசிடில் போட்டுத்தான் நான் டாக்டர் ஆனேன்.